சிறப்புப் பேருந்தில் ஏற்ற மறுத்த விளக்கு

அனுப்புநர்:
ச. சிலுவையம்மாள் (வயது 49),
க/பெ. சவரிநாதன்,
27/2, பழைய ஐஸ் கம்பெனி சந்து,
திருவொற்றியூர், சென்னை – 600 019.

பெறுநர்:
சிறப்பு அலுவலர் அவர்கள்,
கடலோர விளக்குத் திருவிழா ஏற்பாட்டுக் குழு,
ராயபுரம், சென்னை – 600 013.

பொருள்: 07.02.2026 அன்று நடந்த விளக்குத் திருவிழாவில், விளக்கு கொண்டுவந்த காரணத்தால் நான் கரைக்குப் போக முடியாமல் தடுக்கப்பட்டது – கரையை ஒரு மாலை திறந்துவிடக் கோருவது – தொடர்பாக.

பார்வை: தங்கள் குழு எனக்கு வழங்கிய மரபுக் குடும்ப அனுமதிச் சீட்டு எண் 14.

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். வணக்கத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். கீழே போகப் போக எனக்கு அது நினைவில் இருக்குமா என்று தெரியவில்லை.

1. நான் காசிமேட்டில் இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை செய்கிறேன். என் கணவர் சவரிநாதன் 2019 நவம்பரில் கடலுக்குப் போனார். படகு கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை.

2. தங்கள் குழுவுக்கு வயது இரண்டு. ஆகவே திருவிழா என்னவென்று நான் சொல்ல வேண்டியிருக்கிறது. உடல் கிடைக்காத ஆணுக்கு எங்கள் கோயிலில் பூசையும் கிடையாது, கல்லறையும் கிடையாது. ஏழு ஆண்டு, ஒவ்வொரு பிப்ரவரியிலும், அவர் வீட்டு அடுப்பிலிருந்து ஏற்றிய கூண்டு விளக்கைக் கோயிலுக்கு எதிரே உள்ள கரைக்குக் கொண்டுபோக வேண்டும், வேறு கரை செல்லாது. வழியில் அணையக் கூடாது. கரையில் போய்த் தீக்குச்சி கிழித்தால் அது செல்லாது. கோயில் மணி ஒரு தடவை அடிக்கும். வீட்டார் தங்கள் வாயால் அவர் பெயரைக் கடலைப் பார்த்துக் கூப்பிட வேண்டும். ஆறு ஆண்டு கூப்பிட்டுவிட்டு விளக்கோடு வீட்டுக்குத் திரும்புவோம். ஏழாம் ஆண்டு கூப்பிட்ட பின் ஊதி அணைத்து, விளக்கைக் கோயிலில் கொடுத்துவிடுவோம். அன்றைக்குத்தான் அவர் இறந்தவர். மறுநாள் பூசை வைக்கலாம், கல்லில் பெயர் வெட்டலாம். ஏழாம் ஆண்டு விளக்கைப் பெயர் கூப்பிடாமல் அணைக்கவே கூடாது. எனக்கு இது ஏழாம் ஆண்டு.

3. அன்று மாலை மூன்றரை மணிக்கு என் மகள் ஜானட்டும் நானும் எரியும் விளக்கோடு தேரடி நிறுத்தத்துக்கு வந்தோம். மற்ற ஆண்டுகளில் ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துப் போய்விடுவேன். இந்த ஆண்டு கூட்டம் அதிகம் என்று தங்கள் குழு ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டு, சிறப்புப் பேருந்து விட்டிருந்தது. பேருந்தின் பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு ஒரு கூண்டு விளக்குப் படம். படிக்கட்டு அருகே, தீப்பற்றும் பொருள்களுக்கு அனுமதி இல்லை என்று அறிவிப்பு. விளக்குத் திருவிழாவுக்குப் போகிற பேருந்தில் விளக்கு ஏறக் கூடாது என்று யோசித்து எழுதியவர் யார் என்பதை இம்மனுவின் வாயிலாக அறிய விரும்புகிறேன்.

4. நடத்துநர் மீது எனக்குப் புகார் இல்லை. அந்தப் பிள்ளை முகம் சுருங்கிப்போய், "யக்கா, நான் இன்னா பண்றது, எய்தி ஒட்டிக்கீறாங்க பாரு" என்றது. அடுத்த இரண்டு வண்டியிலும் அதே பதில். வண்டி நிறைய ஆள் இருந்தார்கள். எல்லார் கையிலும் பேட்டரி விளக்கு இருந்தது. அதற்கு அனுமதி உண்டாம்.

5. எங்கள் சந்தில் ஆட்டோ ஓட்டும் காலித் எங்களைப் பார்த்துவிட்டு ஏற்றிக்கொண்டார். காற்றில் சுடர் ஆடுகிறது என்று இரண்டு பக்கமும் தார்ப்பாயை இறக்கிக் கட்டி, நடக்கிற வேகத்தில் ஓட்டினார். பின்னால் வந்த கார்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். காசிமேட்டுக்கு முன்பே தடுப்பு. அதற்கு மேல் நடந்தோம். கூட்டத்தில் மூன்று பேர் என்னை நிறுத்தி, இந்த விளக்கு எங்கே விற்கிறது என்று கேட்டார்கள். ஒரு பெண் கேட்காமலே பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டாள். ஜானட் தன் துப்பட்டாவால் கூண்டை மூடி, முழங்கையால் வழி விலக்கிக்கொண்டே போனாள்.

6. மரபுக் குடும்பங்களுக்கான மூன்றாம் வாசலுக்கு ஆறு மணிக்கு முன்பே வந்துவிட்டோம். அனுமதிச் சீட்டைக் காட்டினேன். யாரோ முக்கிய விருந்தினர் வருகிறார் என்று வாசலைப் பூட்டியிருந்தார்கள். விருந்தினர் வந்தார், மேடை ஏறினார். பூட்டு திறக்கவில்லை. அப்போது கோயில் மணி அடித்தது.

7. ஐயா, இதைத் தட்டச்சு செய்து தரும் ஜெராக்ஸ் கடை அஜீசா, இந்தப் பத்தியைக் கொஞ்சம் மரியாதையாகச் சொல்லக்கா என்கிறார். முயற்சி செய்கிறேன். கம்பிக்கு வெளியே நான் நின்றுகொண்டிருக்கும்போது, தாங்கள் கூலிக்கு அமர்த்திய அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில், கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்ப் பட்டியலை வாசித்தார். சவரிநாதன் என்று என் கணவர் பெயரைச் சொன்னார். கூட்டம் கைதட்டியது. செத்தவன் பெயருக்குக் கைதட்டினார்கள் ஐயா. என் வாயில் ஏழாவது தடவையாக வர வேண்டிய பெயரை ஒருவர் அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டே வாசித்து முடித்தார்.

8. வாசல் காவலரிடம் கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். "பேருதான் மைக்குல சொல்ட்டாங்களேமா, இன்னும் இன்னா?" என்றார். அதற்கு நான் சொன்ன பதிலை அஜீசா தட்டச்சு செய்ய மாட்டேன் என்றுவிட்டார்.

9. கொரோனா கட்டுப்பாடு இருந்த ஆண்டில்கூட இரண்டு காவலர்கள் முகக்கவசத்தோடு எங்களை வரிசையாக நடத்திக் கரைவரை கொண்டுபோய் விட்டார்கள். ஊரே அடங்கியிருந்தபோது முடிந்தது. ஊரே திரண்டு வந்தபோது முடியவில்லை. வருகிறவர்களை நான் குறை சொல்லவில்லை, அவர்கள் பார்க்கட்டும். ஆனால் பார்க்க வந்தவர்களுக்குப் பேருந்து, வாகன நிறுத்தம், தின்பண்டக் கடை எல்லாம் யோசித்த தாங்கள், அவர்கள் பார்க்க வந்ததே எங்களைத்தான் என்பதை யோசிக்கவில்லை.

10. விளக்கு இன்னும் அணையவில்லை. இன்றோடு பன்னிரண்டு நாள். ஒற்றை அறை வீட்டில் மின்விசிறி போட முடியாது. நானும் ஜானட்டும் முறை வைத்து எண்ணெய் ஊற்றுகிறோம். சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் எடை மேடை வேலைக்குப் போகும் அவளுக்கு இருந்த விடுப்பெல்லாம் தீர்ந்துவிட்டது. ஊதி அணைத்துவிடு, கடவுளுக்குத் தெரியும் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். கடவுளுக்குத் தெரியும். என் கணவர் போய்விட்டார் என்று எனக்கு இன்னும் தெரியவில்லையே. ஆறு ஆண்டுக்கு மேலாக வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து பார்க்கிறேன். அதை நிறுத்திக்கொள்ளத்தான் அன்று கிளம்பினேன்.

11. கோயில் பாதர் எந்த மாலை கேட்டாலும் மணி அடிப்பதாகச் சொல்லிவிட்டார். ஆனால் கரைக்கு இறங்கும் வழியைத் தங்கள் குழு தகரம் அடித்துப் பூட்டி வைத்திருக்கிறது. மேடையைப் பிரிக்க ஒப்பந்தக்காரர் வரவில்லையாம். சாவி தங்கள் அலுவலகத்தில் இருக்கிறதாம்.

ஆகவே, ஒரு மாலை, ஒரு மணி நேரம், அந்தப் பூட்டைத் திறந்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பேருந்து வேண்டாம். மேடை வேண்டாம். மைக் கண்டிப்பாக வேண்டாம். என்னைப்போல் வெளியே நிறுத்தப்பட்ட மற்ற நான்கு குடும்பத்தாரும் வருவார்கள். அடுத்த ஆண்டு முதல் எரியும் விளக்கோடு வருபவர்களுக்குத் தனி வண்டியும் தனி வழியும் வேண்டும் என்பது என் இரண்டாவது கோரிக்கை. அதை ஆற அமர யோசியுங்கள். முதலாவதற்கு அவகாசம் இல்லை.

விளக்கைத் தனியே விட முடியாததால் இம்மனுவை ஜானட் கொண்டுவந்து தருகிறாள். வரும் வியாழக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் நானே வருவேன். திருவொற்றியூரிலிருந்து தங்கள் அலுவலகம்வரை நடந்தே, விளக்கோடு வருவேன். தங்கள் வாசலிலும் தீப்பற்றும் பொருள்களுக்கு அனுமதி இல்லை என்று எழுதியிருந்தால், அதன் கீழேயே உட்கார்ந்து, சாவி வரும்வரை எண்ணெய் ஊற்றிக்கொண்டிருப்பேன்.

இடம்: திருவொற்றியூர்
நாள்: 19.02.2026

இப்படிக்கு,
(ஒப்பம்) ச. சிலுவையம்மாள்
சவரிநாதனின் மனைவி. விதவை என்று எழுதத் தங்கள் பூட்டு இன்னும் விடவில்லை.

இணைப்பு: மரபுக் குடும்ப அனுமதிச் சீட்டு எண் 14, அசல். வாசலில் கிழிக்க வேண்டிய பாதி கிழிக்கப்படாமல் அப்படியே உள்ளது.