வகுப்புக்குப் போகிறேன், தேநீர் நீங்கள் ஊற்றுங்கள்

எர்மெக்,

எழுப்பினால் நேற்றைய சண்டையைத் தொடர்வீர்கள், அதனால் எழுதிவிட்டுக் கிளம்புகிறேன். ஆமாம், கம்பளம் செய்யும் வகுப்புக்குத்தான்.

"கடையில கிடைக்காத கம்பளமா? குல்பாரா அக்கா வர்ற அன்னிக்குத்தான் போகணுமா?" என்று கத்தினீர்கள். பிஷ்கெக் முழுக்கத் தேடினேன். ஒரு வகுப்பு நான் வேலைக்குப் போகும் நேரத்தில், இன்னொன்று வெளிநாட்டுப் பயணிகளுக்கு மட்டும். கடைசியில் சந்தையில், கம்பளிக் கடைச் சுவரில் இந்த அறிவிப்பைப் பார்த்தேன். சனிக்கிழமை வகுப்பு. முதல் நாள் வராதவருக்கு இடமில்லை. என் கையால் ஒன்றைச் செய்து பார்க்க ஆசைப்படுகிறேன். இதற்கு அனுமதி கேட்கப் போவதில்லை.

ஃப்ரிட்ஜில் ஆட்டுக்கறிக் கொழுக்கட்டை பிடித்து வைத்திருக்கிறேன். குல்பாரா அண்ணி வந்ததும் ஆவியில் வேகவையுங்கள்.

தேநீரை நீங்களே ஊற்றுங்கள். கிண்ணத்தில் பாதிதான். போன முறை விளிம்புவரை ஊற்றிவிட்டு, "ஏண்டா தம்பி, குடிச்சிட்டுக் கிளம்புன்னு சொல்றியா?" என்று அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டீர்களே, மறக்க வேண்டாம்.

என் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன். மாலையில் நீங்கள்தான் கதவைத் திறந்துவிட வேண்டும்.

சல்தனாத்

பி.கு.: "வீட்டுக்கு வந்த மருமகளுக்கு வகுப்பு என்ன வேண்டிக்கிடக்கு?" என்று அண்ணி ஆரம்பித்தால், தயங்காமல் அவர் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்புங்கள்.

இன்னொன்று: கம்பளமாக இறுகும்வரை சோப்புத் தண்ணீரில் நாளெல்லாம் கம்பளியை மிதித்துவிட்டு வருவேன், கால் வலிக்கும். எனக்கும் ஒரு கிண்ணம் ஊற்றுங்கள். பாதி மட்டும்.