பெஞ்சுக்கு அடியில் உருண்ட காசு

சாங்ஹுவா,
மழை விட்ட வியாழக்கிழமை

அன்பு மகன் வெய்-லுனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கைகள் இருவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், கடலில் நீயும் உன்னோடு இருக்கிறவர்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று கடல் தாய் மாஸுவிடம் தினமும் சொல்லிக்கொள்கிறேன். நலம் என்று எழுதிப் பழகிய கை எழுதிவிட்டது, மனசு எப்படி இருக்கிறது என்பது வேறு விஷயம். அன்றைக்குப் போனில் "அம்மா போயிட்டாடா" என்று நான் சொன்னதும் லைன் அறுந்துவிட்டது, நீ அழுதாயா, என்ன கேட்டாய் என்றுகூட எனக்குத் தெரியாது. அப்புறம் எத்தனை முறை போட்டும் கிடைக்கவில்லை. உன் கப்பல் மான்டிவிடியோ கரைக்கு வரும்போது அங்கே ஏஜென்ட் கையில் கடிதம் இருக்கும் என்று கம்பெனியில் சொன்னார்கள், அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன். வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு அப்புறம் படி.

கடையைத் திறந்துவிட்டேன். சோயா பால் காய்ச்சுவது எப்போதும் உன் அம்மா வேலை, எனக்கு அடுப்பைக் குறைக்கும் பக்குவம் வரவில்லை, முதல் வாரம் முழுக்க அடிப்பிடித்த வாடை. வாடிக்கைக்காரர்கள் முகம் சுளிக்காமல் குடித்தார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உன் பெரிய அத்தை ஒத்தாசைக்கு வருகிறாள், முட்டை தோசையில் வெங்காயத் தாளை அள்ளிக் கொட்டுகிறாள், சொன்னால் "காசுதான் உன்னது, கை என்னது" என்கிறாள். அவள் இல்லாவிட்டால் நாங்கள் மூன்று பேரும் என்ன ஆகியிருப்போமோ, ஆனால் அதை அவளிடம் சொல்லிவிட மாட்டேன், அப்புறம் பிடிக்க முடியாது.

இப்போது அம்மா போன விதத்தைச் சொல்கிறேன். கப்பல் பக்கத்திலேயே திமிங்கிலம் வந்து மூச்சு விட்டது, மீன் நாற்றம் அடித்தது என்று நீ எழுதியிருந்தாயே, அந்தக் கடிதத்தை அவள் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினாள். தாய்ச்சுங் மியூசியத்தில் திமிங்கில எலும்புக்கூடு தொங்குகிறது, தன் சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனார்கள், அதன் துடுப்புக்குள் நம்மைப் போலவே விரல் எலும்பு இருக்கும், பிள்ளைகளுக்குக் காட்டியே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஒன்று உனக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், நீ எழுதியதால்தான் அவள் போனாள் என்று ஒருநாளும் நினைத்துவிடாதே. தலைக்குள் நரம்பு வெடிக்க வேண்டும் என்று இருந்தது, அது கடையில் மாவு பிசையும்போதும் வெடித்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். அந்தக் கடிதம் அவளுக்குக் கடைசி நாள்வரை சந்தோஷம் கொடுத்தது, அவ்வளவுதான்.

பள்ளி அரைநாள் விடுகிற புதன்கிழமை, நமக்கும் கடை லீவு, நான் வீட்டில் இருந்துவிட்டேன். உன் தங்கைகளுக்குப் போக இஷ்டமே இல்லை. கடைத்தெருவில் புதிதாகப் பொம்மை கவ்வும் மெஷின் வந்திருக்கிறது, அங்கே போகணும் என்று இரண்டும் வாசலிலேயே முரண்டு. போகிற வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்களாம். மியூசியத்துக்குள் நுழைந்ததும் கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். பெய்-யூ, பன்னிரண்டு வயதுக்காரி, உனக்குத்தான் தெரியுமே அவள் வாய், "செத்துப்போன எலும்பைப் பாத்து என்னம்மா பண்றது, நீயே போய்ப் பாத்துக்கோ" என்று சொல்லியிருக்கிறாள். அம்மா கோபிக்கவில்லையாம். "சரி, இங்கயே இருங்க, நகரக் கூடாது, நான் பாத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவள் திமிங்கிலத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபடியே சாய்ந்துவிட்டாள். யார் யாரோ ஓடி வந்து, அவளையும் பிள்ளைகளையும் ஆம்புலன்ஸில் ஏற்றினார்களாம், நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

உயிர் போன இடத்திலிருந்துதானே ஆவியை வீட்டுக்குக் கூப்பிட வேண்டும், அவளை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்தோம். அத்தை முன்னால் நின்று எல்லாம் முறைப்படி நடத்தினாள், அவள் மேல் வெளிச்சம் படாமல் கறுப்புக் குடை விரித்து, ஆஸ்பத்திரி வாசலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வண்டி திரும்புகிற இடத்திலெல்லாம் "சூ-லியென், திரும்புறோம், கூடவே வா" என்று சொல்லி, தாதூ ஆற்றுப் பாலத்தில் "பாலம் வருது, பயப்படாதே" என்று எல்லோரும் சேர்ந்து கத்தி, வீடு வந்து சேர்ந்தோம். அவள் வந்துவிட்டாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஏழாம் நாள் படையல் வைத்து, சாப்பிட்டாயா என்று கேட்டு இரண்டு காசைப் போட்டால், இரண்டும் பூ. அடுத்த வாரம் இரண்டும் தலை. ஆமாம் என்று அவள் சொல்ல ஒன்று பூவும் ஒன்று தலையுமாக விழ வேண்டும், அப்படி விழவே இல்லை. சாதம் ஆறி, அவளுக்குப் பிடித்த முள்ளங்கிக் கேக் வறண்டு, ஊதுபத்தி அணைந்து, நாங்கள் காசைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டு நிற்போம். அத்தை, "உசிரோட இருந்தப்பவே அடுப்பு முன்னால நின்னுகிட்டு ரெண்டு வாய் அள்ளிப் போட்டுக்கிறவ, இப்ப மட்டும் உடனே சாப்பிட்டுடுவாளா" என்று சமாளிப்பாள். வாராவாரம் இதே கதை. என் பெண்டாட்டி பசியோடு இருக்கிறாள் என்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

போன வாரமும் அப்படித்தான். அப்போது நம் சின்னவள் ஆ-நிங், சுவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள், "அம்மா இங்க இல்லப்பா. மியூசியத்துல இருக்காங்க. உசிரு அங்கயே போயிடுச்சுன்னு ஆம்புலன்ஸ் மாமா இன்னொரு மாமாகிட்ட சொன்னாரு. நம்ம ஆஸ்பத்திரியிலேர்ந்துதான கூப்பிட்டோம்." அத்தை கையிலிருந்த கிண்ணம் நழுவிவிட்டது. ஏழு வயதுப் பிள்ளை இத்தனை நாள் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. ஏன்டி முன்னாலேயே சொல்லவில்லை என்று மடியில் உட்கார வைத்துக் கேட்டதும்தான் சொன்னாள், "நகரக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க, நாங்க நகந்துட்டோம். வந்து பெஞ்சைப் பாத்திருப்பாங்க. போனா திட்டுவாங்க." வெய்-லுன், அதைக் கேட்ட பிறகு நான் கொல்லைப்பக்கம் போய் மாவுச் சட்டியைத் தேய்த்தேன், தேய்த்த சட்டியையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று நாங்கள் மூன்று பேரும் மியூசியத்துக்குப் போனோம். ஆ-நிங்கை எப்படியோ சமாதானம் செய்தேன், பெய்-யூதான் வர மாட்டேன் என்று குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டாள். அத்தை கதவைத் தட்டி, "பெத்தவளைக் கூப்பிடப் போறதுக்குப் பொண்ணு வரலன்னா அவ எந்தக் குரலைக் கேட்டுடி வருவா" என்றாள். வெளியே வந்தாள். அம்மா அடையாளம் கண்டு வரட்டும் என்று அவளுடைய கடை ஏப்ரனை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன், கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டேன். நல்ல மழை. வாசலில் டிக்கெட் பார்க்கிற பெண்மணி, பெரிய உடம்பு, பெரிய குரல், "ஈரக் குடை உள்ள வரக் கூடாது சார், ஸ்டாண்டுல வைங்க" என்று அதட்டினாள். நான் கொடுக்கவில்லை. அவள் குடையின் நிறத்தைப் பார்த்தாள், பையில் தெரிந்த ஏப்ரனைப் பார்த்தாள், பிள்ளைகளைப் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது. "கூட்டிட்டுப் போக வந்தீங்களா? உள்ள மழை பெய்யாது, மடிச்சே வச்சுக்கோங்க, வெளிய வந்ததும் விரிங்க. ஊதுபத்தி மட்டும் கொளுத்திடாதீங்க, மேலேர்ந்து தண்ணி கொட்டும், அவங்களும் நனைஞ்சுடுவாங்க" என்றாள். அழுகையோடு சிரிப்பும் வந்தது எனக்கு.

திமிங்கிலத்தின் கீழே ஏப்ரனை விரித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன, அவர்களோடு வந்த டீச்சர் எங்களைக் கண்டதும் சத்தம் போடாமல் வேறு பக்கம் திருப்பிக் கூட்டிப்போனாள். வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டுக் காசைப் போட்டேன், இரண்டும் பூ. ஆ-நிங், "நகந்தது தப்புதாம்மா, இனிமே நகர மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போட்டாள், மறுபடியும் இரண்டும் பூ. பெய்-யூ எங்கள் கூட வரவில்லை. தூரத்தில் அந்தப் பெஞ்சு இருக்கிறது, அதில் போய் அன்றைக்கு உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆ-நிங்தான் சொன்னாள், "அம்மா காட்டணும்னுதான கூட்டிட்டு வந்தாங்க, அக்கா இன்னும் பாக்கலையே." நான் பெஞ்சுவரை போய் பெய்-யூவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கடைசியில் அவளே எழுந்து நடந்தாள். திமிங்கிலத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். துடுப்புப் பக்கமாகப் போய் நின்று விரலை நீட்டி அந்த எலும்புகளை ஒவ்வொன்றாகத் தொடுவது போலப் பார்த்தாள். "பாத்துட்டேம்மா. விரல் இருக்கு. நீ சொன்ன மாதிரியே இருக்கு. வாம்மா, போலாம்" என்றாள். உன் தங்கை அப்படி அழுது நான் பார்த்ததில்லை, அம்மாவை எடுத்துப்போன அன்றைக்குக்கூட அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

காசை அவள்தான் போட்டாள். ஒன்று ஏப்ரன் பக்கத்திலேயே விழுந்தது, தலை. இன்னொன்று வழவழப்பான தரையில் உருண்டு, உருண்டு, அந்தப் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டது. பெய்-யூ ஓடிப்போய் மண்டி போட்டுக் குனிந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு கையை விட்டுக் காசை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து, "பூப்பா. அம்மா வராங்க" என்றாள். நான் நின்ற இடத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. ஆ-நிங்குக்கும் தெரியவில்லை. நான் கேட்கவில்லை.

வெளியே வந்து குடையை விரித்தோம். வண்டியில் ஆ-நிங் பக்கத்து இருக்கையைக் காலியாக விட்டுக் குடையைப் பாதி விரித்துப் பிடித்துக்கொண்டாள். திரும்புகிற இடத்திலெல்லாம் பெய்-யூதான் சொன்னாள், தாதூ ஆற்றுப் பாலம் வந்ததும் கண்ணாடியை இறக்கிவிட்டு, "அம்மா, பாலம், பயப்படாதே, நான் இருக்கேன்" என்று மழைக்கு மேலே கத்தினாள். வீட்டு வாசலில் ஆ-நிங் கதவைச் சாத்தாமல் வெகுநேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் குடையை உலர்த்திக்கொண்டிருந்தபோது பெய்-யூ வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்று, "அப்பா, நான் சரியாத்தான் பாத்தேனா" என்றாள். "நானும் பாத்தேன், பூதான்" என்றேன். அவள் மேலே போய்ப் படுத்துவிட்டாள், இத்தனை நாளில் நேற்றுத்தான் உடனே தூங்கினாள்.

நீ ஜாக்கிரதையாக இரு. ஈரச் சாக்ஸோடு இஞ்சின் அறையில் நிற்காதே, காலில் புண் வந்தால் கடல் தண்ணீரில் ஆறாது. கப்பலில் கொடுக்கிற சோறு எதுவானாலும் வயிறு நிறையச் சாப்பிடு, அம்மா இருந்திருந்தால் இதைத்தான் முதலில் எழுதியிருப்பாள். கடல் தாய் உன்னைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும், உன் கைக்கும் காலுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. காசு போட்டுக் கேட்கிற வேலையை இன்று காலைப் படையலிலிருந்து பெய்-யூ எடுத்துக்கொண்டாள். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போட்டாள், குனிந்து பார்த்தாள், உடனே கையில் அள்ளிக்கொண்டு "அம்மா சாப்பிட்டாச்சு" என்றாள். நான் எட்டிப் பார்க்கவில்லை. "சரிம்மா, தட்டை எடு" என்றேன். நீ ஊருக்கு வரும்போதும் எட்டிப் பார்க்காதே, நீயும் அப்படியே சொல்லு.

இப்படிக்கு,
உன் அப்பா
லாய் சிங்-ஹோ