இருட்டில் தெரிந்த ஜன்னல்

நவம்பர் 16, சனி

ஆர்ட்தான் படிப்பேன் என்றதற்குத் திட்டினேன். அதிலிருந்து மூன்று வாரமாக மகள் நிலா என்னோடு பேசவில்லை.

நியூஜெர்சியில் இப்போது ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. விளக்கு வைக்கிற நேரத்தில் வீடு இருண்டு கிடந்தால் எனக்கு ஆகாது. அவள் ரூமிலும் போய் லைட்டைப் போட்டேன்.

"அம்மா, டர்ன் இட் ஆஃப்!"

மூன்று வாரத்தில் முதல் பேச்சு. அணைத்துவிட்டேன்.

சுவரில் புதிதாக ஒரு ஜப்பானியப் படம். பனி மூடிய ஊர், ஒரே ஒரு ஜன்னலில் வெளிச்சம். "ஜஸ்ட் வெயிட்" என்றாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுவிட்சைப் போடக் கை பரபரத்தது. இருட்ட இருட்ட மற்றதெல்லாம் மங்கி, அந்த ஜன்னல் மட்டும் மஞ்சளாக நின்றது.

"தெரியுதாம்மா?" என்றாள், தமிழில்.

சாமி விளக்கை இன்றைக்கு ஏழு மணிக்குத்தான் ஏற்றினேன்.