உறை பிரிக்காத பேய்ப்பட இறுவட்டு

அன்புத் தம்பி லெனாட்,

பிட்டும் சூடைமீன் குழம்பும் அடுப்படியில் மூடியிருக்கின்றன. சாப்பிட்டபின் கோபத்தைத் தொடரலாம்.

சிறுவயதில் நாம் கணினியில் விளையாடிய பேய்மாளிகை, படமாகி, இப்போது இறுவட்டாகவும் வந்துவிட்டது. தனியே பார்க்க நீ தருவித்த பொதி காலையில் நீ உறங்குகையில் கிடைத்தது. தொலைக்காட்சியருகே வைத்துள்ளேன், உறையைப் பிரிக்கவில்லை.

சென்ற மாதம் திரையரங்கில் படம் முழுவதும் நான் ஆய்வுக்குக் குறிப்பெடுத்தது தவறு. "அக்கா, நீங்கள் படம் பாக்கேல்லை, சோதினைப் பேப்பர் திருத்தினனீங்கள்!" என்றாய். அதன்பின் நீ என்னோடு கதைக்கவேயில்லை.

சிறுவயதில் அந்த விளையாட்டில், ஒரே விசைப்பலகையில் நீ ஓடுவாய். கதவு திறப்பது என் பொறுப்பு. சிலுவை அடையாளம் போடாமல் நான் ஒரு கதவையும் திறந்ததில்லை. "கெதியாத் திறவுங்கோ அக்கா, பேய் பிடிக்கப்போகுது!" என்று அலறுவாய். அந்த அச்சத்தைத் திரையில் தேடிக் காணாமல்தான் குறிப்பேட்டில் ஒளிந்துகொண்டேன். அந்த அச்சம் நாம் நெருங்கி அமர்ந்த ஒற்றை மர வாங்கில் இருந்தது என்பது பிறகே விளங்கியது.

ஐந்து மணிக்கு வருவேன். குறிப்பேட்டைப் பல்கலைக்கழகத்திலேயே விட்டுவிடுகிறேன்.

அக்கா நிரோஜினி

பி.கு.: வீட்டின் ஒரே சாவியை உனக்கு வைத்துச் செல்கிறேன். ஆகவே, இம்முறை கதவைத் திறக்க வேண்டியவன் நீ. சிலுவை போட்டுக்கொண்டு நிற்காமல் கெதியாத் திற.