அஸ்திவாரத்தில் ஊறிய தண்ணீர்

அன்புள்ள அப்பாவுக்கு எஸ்லின் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் ஓசூரில் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை விடாமல் போடுகிறார்களா?

எங்கள் கம்பெனிக்காக நான் மேற்பார்வை பார்க்கும் வீட்டில், தரைக்குக் கீழே கார் நிறுத்தும் தளம் கட்டுகிறோம். போன வாரம் மழையே இல்லாமல் அங்கே கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அதில் வழுக்கி விழுந்தேன், அடி ஒன்றுமில்லை. வீட்டுக்காரர் குருமூர்த்திக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணி வரல. பத்தடியில எப்படிம்மா வருது? சிமெண்ட் பூசி அடைச்சிடும்மா."

"பக்கத்து ஏரி ரொம்பியிருக்குதுங்க சார், அதான் ஊறுது. அடைச்சா தண்ணி அழுத்தி தரையையே தூக்கிடும். வழி விட்டுடலாம்."

அஸ்திவாரத்தைச் சுற்றிப் பள்ளம் தோண்டி, ஓட்டை போட்ட குழாய் பதித்து, ஜல்லி நிரப்பி, தண்ணீரை ஒரு தொட்டிக்கு இழுத்தோம். இரண்டே நாளில் தரை காய்ந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். ஆனால் மோட்டார் அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊத்தங்கரையில் நீங்கள் போட்ட இரண்டு போரிலும் புழுதிதானே வந்தது? நான் செய்தது சரியா தப்பா, இன்னும் புரியவில்லை அப்பா.

அடுத்த போர் போடும் தேதியை முன்கூட்டியே சொல்லுங்கள். லீவு போட்டு வருகிறேன். தண்ணீர் மேலே வருவதை உங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

வேலைக்குப் போகும் கம்பெனி பஸ் வந்துவிட்டது, இத்துடன் முடிக்கிறேன்.

உங்கள் மகள்
எஸ்லின்