கள்ளுக் கொட்டிலுக்கு நீங்கள் வந்த நாள்

அம்மா,

இன்று காலை வடிதுணியை அலசிக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பியபோது காற்று என் பக்கம் அடித்தது. எத்தனை தரம் அலசினாலும் அந்தத் துணியிலிருந்து கள்ளின் புளிப்பு வாசம் போவதில்லை. எனக்கு அது பழகிவிட்டது. வேலை செய்கிற இடத்தின் வாசம், அவ்வளவுதான். இன்றைக்கு ஏனோ அது அப்பாவின் சட்டை வாசமாக வந்தது. நீங்கள் அந்தச் சட்டையை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போவதும், முகத்தை மறுபக்கம் திருப்பியபடியே தோய்ப்பதும் கண்ணுக்குள் வந்தன. ஈரக் கையோடு அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். உங்களோடு கொஞ்சம் கதைக்க வேண்டும்போல இருக்கிறது.

அப்பா கெட்டவர் இல்லை. அதை நீங்களும் சொல்வீர்கள். குடித்துவிட்டு ஒருநாளும் கை நீட்டியதில்லை, ஏசியதில்லை. ஆனால் பின்னேரங்களில் அவர் எங்களுக்கு இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து துணுக்காயில் வாய்க்கால் தண்ணீரை நம்பி நெல் விதைத்த மனிதர், வயலிலிருந்து வந்து முகம் கழுவியதும் சைக்கிளை எடுப்பார். கள்ளுத் தவறணைக்குத்தான். இருட்டுகிற நேரம் சிரித்த முகத்தோடு வருவார். யாரோடும் கதைக்காமல் பாயில் சரிந்துவிடுவார். நீங்கள் சோற்றைக் கோப்பையில் போட்டு மூடி வைத்துவிட்டு விளக்கைப் பார்த்தபடி இருப்பீர்கள். நெஞ்சு வலி வந்து அவர் போன பிறகு ஒருநாள், மாவரித்துக்கொண்டிருந்தபோது, "அந்த மனுசன் எனக்குச் சொந்தமாயிருந்தது விடிஞ்சதிலயிருந்து பின்னேரம் வரைக்குந்தான்" என்றீர்கள். 

அதனால்தான் நேசனைப் பற்றி உங்களிடம் சொல்ல எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது.

சமாதானக் காலம் அது. கண்டி வீதி திறந்து, தெற்கிலிருந்து சாமான்கள் வரத் தொடங்கியிருந்தன. மல்லாவியில் நான் வேலை செய்த கூட்டுறவுக் கடையின் பின்புறத்தில் வெறும் போத்தல்கள் மலைபோலக் குவிந்தன. ஒருநாள் ஜெயபுரத்திலிருந்து லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஒருவர் வந்து, அவற்றை எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டார். எதற்கென்று கேட்டேன். "கள்ளு அடைக்க" என்றார். கள்ளைப் போத்தலில் அடைத்தால் புளித்துப் போகாதா என்று கேட்டேன். "அதுதான் பிரச்சினை. அதைத்தான் செய்து பாக்கிறம்" என்று சிரித்தார். அவர்தான் நேசன். பிறகு நான் வெடிப்பில்லாத போத்தல்களைத் தெரிந்தெடுத்துத் தனியாக வைக்கத் தொடங்கினேன். அவரும் போத்தல் தேவைப்படாத நாட்களிலும் வரத் தொடங்கினார்.

நேசனின் அப்பா பனை ஏறுகிறவர். எங்களுடைய ஆட்கள் அவர்கள் வீட்டுப் படி மிதிப்பதில்லை. சாதி பார்க்கக்கூடாது என்று மேடை போட்டுச் சொன்ன காலம்தான் அது. ஆனால் மேடையில் சொன்னது குசினி வரைக்கும் வந்து சேரவில்லை. விசயம் காதில் விழுந்ததும் அப்பாவின் தமையன், பெரியப்பா, எங்கள் முற்றத்தில் வந்து நின்றார். உள்ளே வந்து இருக்கவில்லை.

"அந்தக் கள்ளுக் கொட்டில் வாசலை நீங்கள் மிதிச்சால், பிறகு என்ரை வாசலுக்கு வரத் தேவையில்லை" என்றார்.

நீங்கள் சுளகைக் கீழே வைத்துவிட்டு எழுந்தீர்கள். "அத்தான், உங்களுக்கு அவையின்ரை சாதி பிரச்சினை. எனக்கு அவையின்ரை கள்ளு பிரச்சினை. ரண்டும் வேறை. என்ரை பிரச்சினையை நான் போய்ப் பாக்கிறன்."

பெரியப்பா போன பிறகு என்னைப் பார்த்தீர்கள். நான் அழுதுகொண்டிருந்தேன். "அழாதை. நான் ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை. அந்த நீலச் சாறியை எடுத்து வை" என்றீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போனோம். செம்மண் தூசி வழி முழுக்க வந்தது. நீங்கள் சாறித் தலைப்பால் மூக்கை மூடியபடி இருந்தீர்கள். இறங்கிப் பனைகளுக்கு நடுவே நடந்தோம். கிட்டப் போகப் போக அந்த வாசம் வந்தது. உங்கள் நடை ஒரு கணம் நின்றது. நான் திரும்பிவிடுவீர்கள் என்றே நினைத்தேன். குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தீர்கள்.

கொட்டில் என்றால் தென்னங்கிடுகு வேய்ந்த நீளமான ஒரு கொட்டகைதான். ஒரு பக்கம் அடுப்பின் மேல் பாதியாக வெட்டிய தகரப் பீப்பாய், அதற்குள் சுடுதண்ணீரில் போத்தல்கள். மூடி அழுத்துகிற கைமெசின் ஒன்று. மூலையில் முட்டிகள். நேசனின் அப்பா அவசரமாகச் சட்டையின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வந்தார். இரவல் வாங்கிய புதுக் கதிரைகள் இரண்டு போட்டிருந்தார்கள். அவற்றுக்கு முன்னால் ஒரு மர வாங்கில் மூடி திறக்காத சோடா இரண்டு. எங்கள் ஆட்கள் தங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள் என்று தெரிந்து, கடையிலிருந்து வாங்கி வைத்திருந்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"இருங்கோ அம்மா, சோடா குடியுங்கோ" என்றார் நேசனின் அப்பா.

நீங்கள் இருந்தீர்கள். சோடாவைப் பார்த்தீர்கள். "சோடா குடிக்க நான் இவ்வளவு தூரம் பஸ்ஸில வரேல்லை அண்ணை. நீங்கள் செய்யிறதைத் தாங்கோ."

அவர் நேசனைப் பார்த்தார், நேசன் என்னைப் பார்த்தார். நேசனின் அம்மாதான் முதலில் அசைந்தார். உள்ளே போய்ப் பனையோலையை மடித்துக் கோலிய பிளாக்கள் சிலவற்றைக் கொண்டுவந்து உங்கள் கையில் ஒன்றைத் தந்தார்.

முதலில் கருப்பணி. முட்டியில் சுண்ணாம்பு பூசி, புளிக்க விடாமல் இறக்கியது. "இது எனக்குத் தெரியும். சின்னனில கஞ்சி காய்ச்சிக் குடிச்சிருக்கிறம்" என்று கடைசிவரை குடித்தீர்கள். அடுத்தது அன்று காலை இறக்கிய பனங்கள்ளு. அதை வாயருகே கொண்டுபோய் ஒருதரம் முகர்ந்து பார்த்தீர்கள். அத்தனை வருடங்கள் சட்டையிலும் மூச்சிலும் மட்டும் அறிந்திருந்த ஒன்றை அன்றுதான் நாக்கில் வைத்தீர்கள். ஒரு மிடறு. பிறகு இன்னொன்று. எல்லோரும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"பாண் துண்டை இளநிக்குள்ள ஊறப்போட்ட மாதிரி இருக்கு" என்றீர்கள். நேசனின் அப்பா, இதைப் புகழ்ச்சியாக எடுப்பதா என்று தெரியாமல் தலையை ஆட்டினார்.

தென்னங்கள்ளைக் குடித்து, "இது மெல்லிசு, புளிப்பு முந்தி வருது" என்றீர்கள். கடைசியாக நேசன் தன்னுடைய போத்தல் ஒன்றைத் திறந்து வார்த்தார். அதில்தான் அவருடைய உயிர் இருந்தது. வவுனியாவுக்கும் அதற்கு அங்காலும் அனுப்பலாம் என்று சொல்லிச் சொல்லித்தான் தகப்பனைச் சம்மதிக்க வைத்திருந்தார். நீங்கள் வாயில் வைத்து முகத்தைச் சுளித்தீர்கள்.

"தம்பி, குறை நினைக்காதையும். இந்தக் கள்ளுக்குக் காய்ச்சல்."

நேசனின் முகம் விழுந்துவிட்டது. ஆனால் மறுத்துப் பேசவில்லை. "ஓம் அம்மா, எனக்கும் அது விளங்குது. சூடு கூடினால் இந்த அவிஞ்ச வாசம் வருது. குறைச்சால் உள்ளுக்குக் காத்துக் கட்டி..."

அவர் முடிக்கவில்லை. அடுக்கில் இருந்த போத்தல் ஒன்று வெடித்தது.

அதற்குப் பிறகு நடந்தது யாரும் யோசித்துச் செய்ததில்லை. கண்மூடி முழிப்பதற்குள் அத்தனை பேரும் நிலத்தில் கிடந்தோம். நேசனின் அப்பா முட்டிகளுக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தார். நேசன் என் தலையைத் தன் கையால் மூடியிருந்தார். அந்தச் சத்தத்துக்கு என்ன செய்வதென்று எங்கள் எல்லோருடைய உடம்புக்கும் தெரிந்திருந்தது. சண்டை நின்றிருந்தாலும் உடம்புக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. அடுத்த சத்தம் ஒன்றும் வரவில்லை. கள்ளு சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. தலையை நிமிர்த்திப் பார்த்தேன். வாங்குக்குக் கீழே, நீலச் சாறி மண்ணில் புரள, நீங்களும் நேசனின் அம்மாவும் ஒருவரை ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்தீர்கள்.

கண்ணாடிச் சில்லொன்று நேசனின் அம்மாவின் முழங்கையைக் கீறியிருந்தது. நீங்கள்தான் முதலில் கண்டீர்கள். "அசையாதையுங்கோ, இருங்கோ" என்று உங்கள் சாறித் தலைப்பாலேயே அதை அமத்திப் பிடித்தீர்கள். "சாறி பழுதாப் போகுது அக்கா" என்று அவர் கையை இழுத்தார். நீங்கள் விடவில்லை. "இது தோய்ச்சால் போகும். நீங்கள் எங்க இடம்பெயர்ந்து இருந்தனீங்கள்?" என்று கேட்டீர்கள். அப்படியே மண்ணில் இருந்தபடி நீங்கள் இருவரும் ஊர் ஊராகக் கதைக்கத் தொடங்கினீர்கள். எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கியது, எந்த மரத்துக்குக் கீழே சமைத்தது என்று. கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன.

இரத்தம் நின்ற பிறகுதான் நீங்கள் நேசனைக் கூப்பிட்டீர்கள். வந்த விசயம் அதுதான்.

"தம்பி, நீர் குடிப்பீரோ?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். நான் உள்ளுக்குள் அதைத்தான் வேண்டிக்கொண்டு நின்றேன். "ருசி பாத்துத் துப்புறது ஒவ்வொரு நாளும். சனிக்கிழமையில அப்பாவோட இருந்து ஒரு பிளா குடிப்பன் அம்மா. இல்லையெண்டு சொல்லமாட்டன்" என்றார்.

நீங்கள் கேள்வி கேட்டால் பதில் வந்த பிறகும் பார்வையை எடுக்கமாட்டீர்கள். அவரும் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"குடிக்கிறது எனக்குப் பெரிசில்லை. பின்னேரத்தில என்ரை பிள்ளை தனிய இருக்கக் கூடாது. அதை மட்டும் சொல்லும்."

"தனிய விடமாட்டன். அவாவும் இஞ்ச வரட்டும். உங்கட வாய் ருசி அவாவுக்கும் இருந்தால் எனக்கு அது பெரிய உதவி."

நீங்கள் சாறியில் ஒட்டிய மண்ணைத் தட்டினீர்கள். நேசனின் அப்பாவிடம் திரும்பி, "அண்ணை, ஆவணியில நாள் பாப்பமே?" என்றீர்கள். அந்த மனிதர் தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

கல்யாணத்துக்குப் பெரியப்பா வரவில்லை. பெரியம்மா மட்டும் ஒரு பெட்டி பலகாரத்தோடு வந்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். அந்தக் காய்ச்சல் கள்ளைச் சரிப்படுத்த எங்களுக்கு மேலும் பல மாதங்கள் எடுத்தன. சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டினோம், துணியை மாற்றினோம், முட்டிகளைப் புகையில் பிடித்தோம். ஒவ்வொரு தடவையும் ஒரு போத்தல் துணுக்காய்க்கு உங்களிடம் வரும். நீங்கள் ஒரு மிடறு குடித்துவிட்டு உதட்டைப் பிதுக்குவீர்கள். ஒருநாள் குடித்துவிட்டு மறுபடியும் ஒரு மிடறு எடுத்து, "காய்ச்சல் விட்டிட்டுது" என்றீர்கள். நேசன் அன்று உங்களைத் தூக்கிச் சுற்றினார். "விடும் தம்பி, இடுப்பு முறியப்போகுது" என்று கத்தினீர்கள்.

பிறகு சண்டை திரும்ப வந்ததும், கொட்டிலை விட்டு நாங்கள் கிழக்கே கிழக்கே நகர்ந்ததும் உங்களுக்குத் தெரியும். தறப்பாள் கூடாரத்துக்குள் உங்களுக்கு வந்த காய்ச்சலுக்கு மருந்து கிடைக்கவில்லை. உங்கள் கடைசி நாட்களில் பக்கத்தை விட்டு அசையாமல் இருந்தது நேசனின் அம்மா. உங்களை மண்ணில் வைத்தபோது நேசனின் அப்பா, என் மாமா, கூடப்பிறந்த அண்ணனைப்போல அழுதார். அந்த இடத்தைப் பிறகு தேடிப் போனோம். கண்டுபிடிக்க முடியவில்லை. அதை எழுதாமல் விட்டால் நான் பாதிதான் சொன்னவளாவேன். ஆனால் உங்களை நினைக்கும்போது நான் அந்த இடத்துக்குப் போவதில்லை.

ஊர் திரும்பியபோது பல பனைகளுக்குத் தலை இல்லை. பீப்பாய் ஓட்டை. மாமா தலையிருந்த மரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனார். மறுவருடம் பாளை சீவினார். இப்போது எங்கள் போத்தல்கள் கொழும்பு வரை போகின்றன. ருசி பார்ப்பது நான்தான், நேசனே என்னைக் கேட்காமல் மூடி அழுத்துவதில்லை. எங்கள் மகளுக்கு இந்தத் தொழிலில் விருப்பமில்லை. கட்டடம் கட்டப் படிக்கப் போகிறாளாம். படிக்கட்டும். பின்னேரங்களில் நாங்கள் மூவரும் கொட்டில் வாசலில் இருந்து கதைப்போம். சில நாள் சண்டை பிடிப்போம். நான் தனியே இருந்ததில்லை அம்மா.

உங்களை நினைக்கும்போது நான் போகிற இடம் வேறு. அன்று திரும்பி வந்த பஸ்ஸுக்குப் போவேன். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. யன்னல் கரையில் நீங்கள், பக்கத்தில் நான். பிளா பிளாவாகச் சுவை பார்த்தது உங்களுக்கு மெல்ல ஏறியிருந்தது, அது உங்களுக்கே தெரியவில்லை. கன்னம் சிவந்து, சாறியில் இரத்தமும் மண்ணுமாக, கொஞ்சத் தூரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். திடீரென்று உங்கள் தோள் குலுங்கியது. அழுகிறீர்கள் என்று நினைத்துக் கையைப் பிடித்தேன். நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

"என்னம்மா?"

"இல்லைப் பிள்ளை, உன்ரை அப்பரைப் பாத்தியே? இவ்வளவு நல்ல சாமான்... அந்த மனுசன் ஒருநாளும் எனக்கு ஒரு வாய் கொண்டுவந்து தரேல்லை!"

சொல்லிவிட்டு இன்னும் பெரிதாகச் சிரித்தீர்கள். முன் இருக்கையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவைப் பற்றிச் சொல்லி நீங்கள் சிரித்ததை நான் அதற்கு முன்னால் கேட்டதேயில்லை. கண்ணீர் வழிய, மூச்சு வாங்க, என் தோளில் சாய்ந்தபடி துணுக்காய் வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தீர்கள். அந்தப் பாரம் இன்னும் என் தோளில் இருக்கிறது.