பேஸ் கிதாருக்கு அங்கீகாரம் இல்லை

மார்ச் 3

அன்புள்ள செயலாளருக்கு,

நம் ரசிகர் சங்கத்தின் அவசரப் பொதுக்குழு நேற்று மாலை என் சமையலறையில் கூடியது. உறுப்பினர் இருவரில் ஒருவர் வந்திருந்தார். நம் ராக் குழுவின் ஆதி நால்வரில் மிஞ்சியிருந்த பேஸ் கிதார்காரரும் விலகிவிட்டதால், அந்த இடத்துக்கு இனி யார் வந்தாலும் சங்கம் அங்கீகரிக்காது என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. பலத்த கைதட்டல். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார்.

பாடகர் மூன்று முறை மாறினார், பொறுத்தோம். டிரம்ஸ் ஐந்து பேர் கைமாறியது, பல்லைக் கடித்தோம். எதற்கும் ஓர் அளவு உண்டு. லிஃப்ட் கம்பெனியில் வேலை கற்ற காலத்தில், மோட்டார் அறையில் உட்கார்ந்து ஒரே கேசட்டைத் தேயத் தேயக் கேட்டோமே, அந்த ராக் குழு இதுவல்ல. கையெழுத்திட்டு உடனே அனுப்பு. வேலையை விட்டுவிட்டாயாமே? அதையும் எழுது.

முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம்.

தலைவர்


மார்ச் 11

தலைவரே,

கையெழுத்துப் போட முடியவில்லை. பேஸ் கிதாருக்கு வரப்போகிறவன் நான்தான்.

சிரிக்காதே. ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வீட்டில் வாசித்துப் பழகிய தைரியத்தில் போனேன். ஒரு பாட்டை வாசிக்கச் சொன்னார்கள். “எந்த வருஷம் வாசிச்ச மாதிரி வேணும்?” என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எந்த வருஷத்து வாசிப்பு சிறந்தது என்று உன்னோடு இத்தனை காலம் சண்டை போட்டதற்குக் கிடைத்த பலன்.

முதல் நிகழ்ச்சி உன் ஊரில், ஏப்ரல் 20. முதல் வரிசை டிக்கெட் இதோடு வைத்திருக்கிறேன். ராத்திரியெல்லாம் வாசித்துப் பார்க்கிறேன்டா. நீ எதிரில் உட்கார்ந்து முறைத்தால் போதும், தப்பில்லாமல் வாசித்துவிடுவேன்.

செயலாளர்


ஏப்ரல் 21

அன்புள்ள செயலாளருக்கு,

டிக்கெட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கொள்கை என்று ஒன்று இருக்கிறது. நண்பன் என்ற முறையில் வாழ்த்துகிறேன். தலைவர் என்ற முறையில் உள்ளே வர இயலவில்லை. ஆனால் அரங்கத்தின் பின்மதிலுக்கு வெளியே நிற்பதைத் தீர்மானம் தடுக்கவில்லை. முதல் பாட்டிலிருந்து நின்றேன். மழையும் வந்தது.

இரண்டாவது பாட்டில் அவசரப்பட்டுவிட்டாய். மற்றவற்றில் குற்றம் சொல்ல முடியவில்லை. முயன்று பார்த்தேன்.

தலைவர்


ஏப்ரல் 29

ஐயா,

இரண்டாவது பாட்டின்போது உங்கள் நாற்காலியை நோக்கி ஒருவர் நடந்து வந்தார். விளக்கு வெளிச்சத்தில் முகம் தெரியவில்லை. நீங்கள் என்று நினைத்தேன். அந்த அவசரம் அதனால் வந்தது. வந்தவர் காவலாளி, கால் வலிக்கிறதென்று உட்கார்ந்தார். கடைசிவரை அவருக்குத்தான் வாசித்தேன்.

பின்மதிலில் ஒரு கதவு உண்டு. அன்று அதை யாரும் பூட்டவில்லை.

செயலாளர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன்.

இப்படிக்கு,
பேஸ் கிதார்


நவம்பர் 16

என் அருமை நண்பனுக்கு,

மே மாதமே தீர்மானத்தை ரத்து செய்து எழுதினேன். அதன்பிறகும் இரண்டு முறை எழுதினேன். நீ பதில் போடவில்லை, கோபம் நியாயம்தான்.

நேற்று குழு மறுபடி இங்கே வந்தது. முதல் வரிசையில் டிக்கெட் வாங்கி, யாரும் வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்தேன். முறைப்பதற்குத் தயாராகவே இருந்தேன். பேஸ் கிதாரை மாட்டிக்கொண்டு ஓர் இளம்பெண் மேடைக்கு வந்தாள்.

இடைவேளையில், குழுவின் படம் போட்ட சட்டைகளை விற்கிறவனிடம் விசாரித்தேன்.

“முன்னாடி பேஸ் வாசிச்சவர் எங்கேப்பா?”

“எந்த முன்னாடி சார்? வர்றாங்க, போறாங்க. யாரைன்னு ஞாபகம் வச்சுக்கிறது?”

“வருஷத்தைச் சொன்னா, அந்த வருஷம் வாசிச்ச மாதிரியே வாசிப்பான்.”

“ஓ, அவரா! ஜூலையிலயே விட்டுட்டாரே. வீட்டையும் காலி பண்ணிட்டு ஊரை விட்டே போயிட்டாருன்னு பேசிக்கிட்டாங்க. நீங்க அவருக்குச் சொந்தமா?”

ஒரு சட்டை வாங்கிக்கொண்டேன். அளவு சரியில்லை.

இத்தனை வருட நட்பில் நீ அந்த மேடையில் வாசித்ததை நான் கேட்டது ஒரே ஒரு முறை. அதையும் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேனடா.

அந்தப் பெண் நன்றாகவே வாசித்தாள். வேறு முகவரி யாரிடமும் இல்லாததால், இதையும் பழைய முகவரிக்கே அனுப்புகிறேன்.

உன் நண்பன்